கேளுங்க சொல்றேன்: ஓதுவார் வீட்டுப் பையனும் ஏழு எண்ணிக்கை தாளமும்

போன இதழ்ல கோயில் பாட்டைப் பத்தி ரெண்டு வரி எழுதினப்போ, யூதர்ங்களோட ஜெபக்கூடத்துலயும் கொயர் உண்டுன்னு போற போக்குல சொல்லிட்டு போயிட்டேன், அது இப்படி வந்து நிக்கும்னு நினைக்கல. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து மட்டும் ஒரு கத்தை கேள்வி. அதுல சிலது இங்க.

யூதர் பாட்டுல இப்ப உள்ள இசையமைப்பாளர் யாராச்சும் சொல்லுங்கண்ணே. நான் எங்க சர்ச் கொயருக்கு கீபோர்டு வாசிக்கிறேன். (ஒரு தம்பி, எலத்தகிரி)

உனக்குன்னே ஒருத்தர் இருக்காரு தம்பி, சாமுவேல் ஆட்லர். 1928ல ஜெர்மனி மான்ஹைம்ல பிறந்தவர். அப்பா ஹூகோ ஹாயிம் ஆட்லர் அங்க ஜெபக்கூடத்துல கேண்டர். கேண்டர்னா நம்ம சிவன் கோயில் ஓதுவார் மாதிரி வெச்சுக்கோ, முன்னாடி நின்னு ஜெபத்தை ராகமா பாடறவர், அவரும் சொந்தமா இசை எழுதினவர்தான். ஓதுவாருங்களுக்கு பகல் பண், இராப் பண்ணுன்னு கணக்கு இருக்குல்ல, அதே மாதிரி அவங்களுக்கும் சாதா நாளுக்கு ஒரு மெட்டு, வெள்ளி சாயங்காலம் தொடங்கற ஓய்வு நாளுக்கு ஒண்ணு, புத்தாண்டு நோன்புக்கு வேற ஒண்ணுன்னு வகுத்து வெச்சிருக்காங்க, அதையெல்லாம் வீட்லயே காதுல வாங்கி வளந்த பையன் இவரு. 1938 நவம்பர்ல ஒரு ராத்திரி நாஜிங்க ஜெபக்கூடங்களை கொளுத்தி நொறுக்கினாங்க, அடுத்த வருஷமே குடும்பம் அமெரிக்காவுக்கு கிளம்பி மாசசூசெட்ஸ்ல வூஸ்டர்ங்கற ஊர்ல போய் செட்டிலாயிடுச்சு.

அப்புறம் பாஸ்டன், ஹார்வர்டுன்னு படிப்பு, ஹிண்டமித், பிஸ்டன், காப்லண்ட்னு பெரிய வாத்தியாருங்க. எனக்கு பிடிச்சது அதுக்கு அடுத்த கட்டம்தான், அமெரிக்க ராணுவத்துல சேர்ந்து திரும்ப ஜெர்மனிக்கே போறாரு, 1952ல ஏழாவது ஆர்மிக்கு ஒரு சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பிச்சு, தன்னை விரட்டின அதே நாட்டுல போய் கச்சேரி பண்றாரு. நானா இருந்தா அந்தப் பக்கம் தலை வெச்சும் படுத்திருக்க மாட்டேன்!

1953ல இருந்து 1966 வரைக்கும் டல்லாஸ்ல இமானு எல் ஜெபக்கூடத்துல இசைப் பொறுப்பு. இங்கதான் நீ கவனிக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆராதனை வந்துடும், கொயர்ல இருக்கறவங்க பகல்ல வேற வேலைக்குப் போறவங்க, அவங்க வாயில நுழையற மாதிரியும் இருக்கணும், அதே சமயம் சப்புன்னும் இருக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா? உங்க ஊர் பிராக்டிஸ்ல ஒரு நாள் வந்து உக்காந்திருக்கேன், டெனர்ல, அதான் ஆம்பளைங்க மேல் குரல்ல, நாலு பேரு முதல் வரி ஒழுங்கா பாடிட்டு ரெண்டாவது வரில சொப்ரானோ, அதான் பொண்ணுங்க உச்சக் குரல் மெட்டுக்கு தாவிட்டாங்க, மாஸ்டர் ஸ்கேலால மேசைய தட்டி தட்டி ஸ்கேலே உடைஞ்சு போச்சு. அந்தப் பாடு பட்டவன் எழுதற பாட்டுக்கும், ரூமுக்குள்ள உக்காந்து எழுதறவன் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஆட்லர் ஹார்மனி கொஞ்சம் கடிக்கும், முதல் தடவையே இனிக்காது, ஆனா ஒவ்வொரு குரலோட வரியையும் தனியா பாடிப் பாரு, தடுக்காம போகும்.

பெரிசாவும் எழுதியிருக்காரு. ஆபிரகாம் மகனைப் பலி குடுக்கப் போன கதையை வெச்சு 1967ல ‘த பைண்டிங்’னு ஒரு ஒராட்டோரியோ, அதாவது கொயரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து பாட்டாவே கதை சொல்றது. அந்த 1938 ராத்திரியோட ஐம்பதாவது வருஷத்துக்காக 1988ல ‘ஸ்டார்ஸ் இன் த டஸ்ட்’னு ஒரு கண்டாட்டா, அதே மாதிரிதான், அளவுல சின்னது. சிம்பனி, ஆபரா எல்லாம் சேர்த்தா நானூறுக்கு மேல வரும்.

கொயருக்கு எழுதி சோறு சாப்பிட முடியுமா சார்? (பெயர் போட வேண்டாம்னு சொன்ன வாசகர், ஓசூர்)

கஷ்டம். ஆட்லரே 1966ல இருந்து 1995 வரைக்கும் ஈஸ்ட்மன் இசைப் பள்ளில வாத்தியார் வேலை பாத்தாரு. 1982ல வந்த அவரோட ஆர்கெஸ்ட்ரேஷன் புத்தகம் உலகம் பூரா பாடப் புத்தகம். இன்ஜினியரிங் முடிச்சிருந்தா அதை விட்றாதீங்க.

ஹீப்ரு வலமிருந்து இடம், நோட்டேஷன் இடமிருந்து வலம். பாட்டு வரியை எப்படிங்க கீழ எழுதறாங்க? (ஒரு டீச்சர், கிருஷ்ணகிரி)

டீச்சர் டீச்சர்தான்! இது 400 வருஷப் பிரச்சனை. இத்தாலி மாந்துவால சாலமோனே ரோஸ்ஸின்னு ஒருத்தர் ஹீப்ரு சங்கீதங்களுக்கு (பைபிள்ல வர்ற துதிப் பாட்டுங்க) பல குரல் இசை போட்டு 1622-23ல வெனிஸ்ல அச்சடிச்சாரு. நோட்டேஷனைத் திருப்பிப் போட்டா பாடறவனுக்கு புத்தி குழம்பிடும், வார்த்தை எல்லாருக்கும் மனப்பாடம்தானேன்னு இசையை இடமிருந்து வலமாவே விட்டு, ஹீப்ருவை அதோட வழக்கப்படியே கீழ போட்டுட்டாங்க, பாடறவன் பாடு திண்டாட்டம். இப்ப பெரும்பாலும் ஹீப்ரு உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்துல எழுதிடறாங்க. உங்க மாவட்டத்துலயே தெலுங்குப் பாட்டை தமிழ் எழுத்துல எழுதி வெச்சு பாடறவங்க எத்தனை பேரு, அதே கதைதான்.

அவங்களுக்கு தாளம்லாம் உண்டா? (தவில்காரர், பாலக்கோடு)

அண்ணே, நீங்க அமெரிக்க இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனோட ‘சிசெஸ்டர் சாம்ஸ்’ கேக்கணும், சாம்ஸ்னா சங்கீதங்கள். அவர் 1990லயே போயிட்டாரு, ஆனா யூத கோரல் இசைன்னா இதை விட்டுட்டுப் பேச முடியாது. இங்கிலாந்துல சிசெஸ்டர் பேராலயத்து டீன் வால்டர் ஹஸ்ஸி கேட்டு 1965ல எழுதினது, கிறிஸ்தவ கோயிலுக்கு முழுக்க ஹீப்ருல! முதல் பாகத்துல நூறாவது சங்கீதம் ஏழு எண்ணிக்கைல துள்ளும். தகிட தகதிமின்னு தொடையில போட்டுப் பாருங்க, உள் பிரிவு நம்ம மிஸ்ர சாபு மாதிரி மூணு நாலுன்னே நிக்காது, மாத்தி மாத்தி வரும், ஆனா ஏழு ஏழுதான். கடைசி பாகம் பத்து எண்ணிக்கை, சாந்தமா போகும்.

நடு பாகம்தான் என்னை உலுக்கினது. தர்மபுரில இருந்து நைட் பஸ்ல வரப்போ ஹெட்போன்ல கேட்டுட்டு வந்தேன், காரிமங்கலத்துல பஸ் நின்னுச்சு, வேர்க்கடலை விக்கற அம்மா ஜன்னல் கிட்ட கூடையைத் தூக்கிக் காட்டறாங்க, காதுல ஒரு சின்னப் பையன் ஹார்ப்போட இருபத்தி மூணாவது சங்கீதம் பாடறான், அப்படியே திடீர்னு ஆம்பளக் குரலுங்க, ‘ஜனங்க ஏன் கொந்தளிக்கறாங்க’ன்னு ரெண்டாவது சங்கீதத்தோட ஒரு சண்டை மாதிரி புகுந்துடுது. பையன் பயப்படல, மறுபடி அவன் மெட்டு மேல வந்துடுது, கீழ அந்தக் கொந்தளிப்பு முணுமுணுன்னு ஓடிக்கிட்டே இருக்கு. அந்த சண்டை மெட்டு அவரோட ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ங்கற இசை நாடகத்துல இருந்து வெட்டின பாட்டாம், வீணாக்கல பாருங்க. கடலை வாங்க மறந்துட்டேன், அந்த அம்மா திட்டிட்டுப் போச்சு.

அவங்க கோயில்ல ஆர்கன் வாசிக்கலாமா? பொண்ணுங்க பாடலாமா? (கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்)

யாரைக் கேக்கறங்கறதைப் பொறுத்தும்மா. பழைய வழக்கத்தை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவுல ஓய்வு நாள்ல வாத்தியம் கிடையாது, ஆம்பளைங்க முன்னாடி பொண்ணுங்க பாடறதும் கிடையாது. சீர்திருத்தப் பிரிவுல ரெண்டும் உண்டு, 1810லயே ஜெர்மனியில ஸீசன்ங்கற ஊர்ல ஆர்கன் வெச்சுட்டாங்க. ஆட்லர் வேலை பாத்தது அந்தப் பிரிவுல.

அதே இருபத்தி மூணாவது சங்கீதத்தை நான் தமிழ்ல நாலு குரல்ல போடலாமா? (மறுபடியும் அதே எலத்தகிரி தம்பி, கார்டுக்குப் பின்பக்கம்)

போடு. ஆனா எண்ணிப் பாரு, ஹீப்ருல ‘அதோனாய் ரோஈ, லோ எஹ்ஸார்’, எட்டே அசை. தமிழ்ல ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’, வாயால பிரிச்சா பதினஞ்சு வருது. அதனால அந்த மெட்டை அப்படியே தூக்கிட்டு வந்தா தமிழ் மூச்சு முட்டும், ‘ஆயர்’ல ஆவை இழுக்க இடம் விடு, ‘எனக்கேதும்’ல முதல் எழுத்தை நீட்டிடாதே, நீட்டினா ‘ஏனக்கேதும்’னு கேக்கும், பெரியவங்க சிரிப்பாங்க. டெனருக்கு ரெண்டாவது வரில தனியா ஒரு நல்ல மெட்டு குடு, தாவ மாட்டாங்க. எழுதி முடிச்சுட்டு பிராக்டிஸ் என்னைக்குன்னு ஒரு கார்டு போடு, மாஸ்டருக்கு புது ஸ்கேல் ஒண்ணு வாங்கிட்டு வரேன்.