200 எம்பிபிஎஸ் (Mbps) இணைய பிளானுக்கு மாறினால் ஆன்லைன் வகுப்பு தடைபடாதா?

கேள்வி: வீட்டில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். ராத்திரி 8 மணிக்கு மேல் மகளின் ஆன்லைன் டியூஷன் அடிக்கடி உறைந்து நிற்கிறது. இணைய வேகத்தில் இந்தியா பல நாடுகளுக்குப் பின்னால் இருப்பதாகப் படித்தேன். அதுதான் காரணமா? 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். பட்டியலில் நாட்டின் இடமும் இதற்குக் காரணமில்லை.

இணைய வேகத்தைச் சோதிக்கும் ஊக்லா நிறுவனம் வெளியிடும் நாடுகள் பட்டியல், வேகத்தைச் சோதித்துப் பார்த்தவர்களின் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) வைத்துப் போடப்படுகிறது. மொபைல் இணையத்தில் 2022-இல் நூறாவது இடத்துக்கும் கீழே கிடந்த இந்தியா, 5ஜி வந்தபின் 2023-இல் ஐம்பது இடங்களுக்குள் வந்துவிட்டது. அதனால் யார் வீட்டு ஃபைபரும் வேகமாகிவிடவில்லை.

முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15. வீடியோ வகுப்புக்கு மூன்று, நான்கு போதும். உங்களிடம் இருக்கும் 40 தாராளம். 200-க்குப் போனால் 1 ஜிபி ஃபைல் மூன்று நிமிடம் இருபது விநாடிக்குப் பதில் 40 விநாடியில் இறங்கும். வகுப்பு அப்படியேதான் நிற்கும்.

முதல் சந்தேகம் அப்லோடு மேல், அதாவது வீட்டிலிருந்து வெளியே டேட்டா போகும் பாதை மேல். ராத்திரி போனைச் சார்ஜில் போட்டதும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் கிளவுடுக்கு ஏறத் தொடங்கும். அந்தப் பாதை நிரம்பியதும் மகளின் குரல் பின்னால் வரிசையில் காத்திருக்கும். பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளிப் பாருங்கள்.

அடுத்தது வைஃபை. போன மாதம் நான் போன ஒரு வீட்டில் ரவுட்டர் டிவிக்குப் பின்னால் கிடந்தது, ஒட்டினாற்போல் இரும்பு பீரோ. ரவுட்டர் பக்கத்தில் 38 காட்டிய வேகம், இரண்டு சுவர் தள்ளிப் பையன் படிக்கும் மேசையில் வெறும் 4. ரவுட்டரை ஹால் கதவுக்கு மேலே மாட்டினோம், மேசையில் 25 வந்தது. பிளான் அதேதான்.

அதற்காக நாட்டின் வேகம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸிலிருந்து (ஏறக்குறைய அரை எம்பிபிஎஸ்) 2 எம்பிபிஎஸ் ஆக்கியதே 2023 ஜனவரியில்தான். அந்த 2-இல் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வகுப்பு கேட்க முடியாது. அப்படி ஒரு வீட்டுக்கு 2 பத்தானால் படிப்பே மாறும். நாம் கேட்க வேண்டியது அந்த அடிமட்டம் உயர வேண்டும் என்றுதான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ராத்திரி எட்டரைக்கு ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேரடியாக லேன் வயர் போட்டுச் சோதியுங்கள். காலையில் 40 வந்து ராத்திரி மட்டும் 8, 10 என்று விழுந்தால், உங்கள் பகுதி லைனில் நெரிசல். ஒரு வாரம் ஸ்கிரீன்ஷாட் சேர்த்து நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். அதே லைனில் 200 வாங்கினாலும் அதே நெரிசல்தான். வயரில் ராத்திரியும் 35-க்குக் குறையாமல் வந்தால், பிளானைத் தொடவே வேண்டாம். அந்த வயரையே மகளின் மேசை வரைக்கும் இழுத்துவிடுங்கள்.