சீட்டைத் தள்ளி எடுத்து நியூசிலாந்து போகலாமா?

கேள்வி: வயது 29. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக வேலை. கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். வீட்டுக்குக் கொடுத்து, சீட்டுப் பணமும் கட்டிய பிறகு மாதம் 12,000 மிஞ்சுகிறது. வங்கியில் 1.5 லட்சம் வைப்புநிதி இருக்கிறது. மாதம் 10,000 வீதம் 20 மாதத்துக்கான 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் இந்த ஜூனில் 12-வது ஏலம். நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனுக்கும் அதையொட்டிய ஃபியோர்டுகளுக்கும் (மலைகளுக்கிடையே கடல் புகுந்த பள்ளத்தாக்குகள்) முதுகுப்பையோடு தனியாகப் போய்வர ஐந்து வருட ஆசை. டிசம்பரில் போக நினைக்கிறேன். டிராவல்ஸில் ஒன்பது நாள் பேக்கேஜுக்கு 3.75 லட்சம் கேட்கிறார்கள். இப்போதே 30,000 தள்ளி சீட்டை எடுத்தால் 1.7 லட்சம் கிடைக்கும். மீதிக்கு வங்கி 14 சதவீதத்தில் 2 லட்சம் பர்சனல் லோன் தரத் தயார். வைப்புநிதியையும் உடைத்தால் கடன் குறையும். தீபாவளி போனஸ் 40,000 வரும். எது சரி? அங்கே விடுதியில் வேலை செய்தால் படுக்கை இலவசம் என்று தோழி சொல்கிறாள். அதை நம்பலாமா?

பதில்: ஊர் சுற்றுவதற்கு எதற்கு இவ்வளவு பணம் என்று நான் கேட்கப்போவதில்லை. ஐந்து வருட ஆசைக்குச் செலவு செய்வது வீண்செலவு அல்ல. உங்கள் திட்டத்தில் எனக்கு உறுத்துவது டிசம்பர் என்ற ஒரு சொல்தான்.

முதலில் சீட்டு. இந்த மாதம் எடுத்தால் கையில் 1,70,000. பிப்ரவரியில் 20-வது மாதம் வரை பொறுத்தால், நடத்துபவரின் 5 சதவீதக் கமிஷன் போக 1,90,000. மாதாமாதம் நீங்கள் கட்டும் தொகை இரண்டு வழியிலும் ஒன்றுதான். ஆக, 1,70,000 ரூபாயை எட்டு மாதம் முன்னதாக வாங்கிக்கொள்வதற்கு நீங்கள் கொடுக்கும் விலை 20,000. வருடக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய 17.6 சதவீத வட்டி. பர்சனல் லோனுக்கு 14 சதவீதமா என்று பயப்படுகிறவர்கள் சீட்டைத் தள்ளி எடுக்கும்போது கூசுவதே இல்லை, ஏனென்றால் அதை யாரும் வட்டி என்று சொல்வதில்லை.

ஆனால் கடைசி வரை காத்திருங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. சீட்டில் கடைசியாக எடுப்பவருக்குத்தான் லாபம் அதிகம், அபாயமும் அவருக்குத்தான் அதிகம். முன்னால் எடுத்தவர்கள் ஒழுங்காகக் கட்டினால்தான் உங்கள் பணம் வந்துசேரும். உங்கள் சீட்டு 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவானதா என்று நீங்கள் எழுதவில்லை. பதிவு எண்ணும் ஒப்பந்தப் பத்திரமும் இருந்தால் பிப்ரவரி வரை பொறுக்கலாம். தெரிந்த அக்கா வீட்டில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடக்கும் சீட்டு என்றால், அந்த அக்கா எவ்வளவு நல்லவர் என்பதை விட, முன்னால் எடுத்தவர்கள் எத்தனை பேர் தவணை தவறுகிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டு பேர் இழுத்தடிக்கிறார்கள் என்று தெரிந்தால் 16-வது மாதத்தில், தள்ளுபடி குறைந்திருக்கும்போது எடுத்துவிடுங்கள். சில ஆயிரம் போகும். தூக்கம் கெடாது.

பர்சனல் லோன் கணக்கு சுலபம். 2 லட்சத்தை மூன்று வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 6,835 ரூபாய், மொத்த வட்டி சுமார் 46,000. ஒன்பது நாளுக்கு முப்பத்தாறு தவணை!

டிசம்பர் ஏன் வேண்டாம்? அங்கே அது கோடைக்காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் குவீன்ஸ்டவுன் நிரம்பி வழியும், பொதுப் படுக்கையறையின் விலைகூட எகிறும். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களால் இன்னொரு கூட்டம். இடையில் வரும் மார்ச் நடுப்பகுதிதான் உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற காலம். இலையுதிர்காலம் தொடங்கியிருக்கும், நடப்பதற்குப் போதிய பகல் வெளிச்சமும் இருக்கும். ஈஸ்டர் விடுமுறை எந்த வாரத்தில் விழுகிறது என்று பார்த்து அதை மட்டும் தவிருங்கள். உங்கள் சீட்டும் பிப்ரவரியில் முடிகிறது. அதனால் மூன்று மாதம் தள்ளிப் போகச் சொல்கிறேன்.

பேக்கேஜையும் விடுங்கள். பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கழியும் பணம்தான் என்றாலும் அதுவரை முடங்கிக் கிடக்கும். விமான டிக்கெட்டைத் தனியாகவும் தங்குமிடத்தைத் தனியாகவும் நீங்களே வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது.

இனி செலவு. ஒரு நியூசிலாந்து டாலரை 52 ரூபாய் என்று வைத்து, பதினைந்து நாளுக்கு என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். சிங்கப்பூர் வழியாகக் கிறைஸ்ட்சர்ச் போய்வர 1,00,000. விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து 25,000. விடுதிப் படுக்கை 14 இரவு, இரவுக்கு 55 டாலர் வீதம் 40,000. பஸ்களுக்கு 13,000. சாப்பாட்டுக்கு நாளுக்கு 35 டாலர் வீதம் 27,300, இது நீங்களே சமைத்தால் மட்டும். மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற ஃபியோர்டில் படகுப் பயணம் 10,400. சில்லறைச் செலவு இன்னொரு 10,400. மொத்தம் சுமார் 2,26,000. கயிறு கட்டிக் குதிக்கும் பங்கி ஜம்ப் போன்ற ஒரு துணிச்சலுக்கு 15,600, எதிர்பாராத செலவுக்கு 25,000 சேர்த்தால் 2,67,000 வரும்.

குவீன்ஸ்டவுனுக்கே நேரடியாக டிக்கெட் போடாமல் கிறைஸ்ட்சர்ச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குவீன்ஸ்டவுனுக்கு வெளிநாட்டு விமானங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டுமே வருகின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியாவில் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும். கட்டணம் இல்லை என்றாலும் இன்னொரு விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டேகபோ ஏரிக்கரை வழியாகப் பஸ்ஸில் ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா.

வைப்புநிதியை உடைக்காதீர்கள். நியூசிலாந்தின் சுற்றுலா விசாவுக்கு மாதம் 1,000 டாலர் கையிருப்பு காட்ட வேண்டும், தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 போதும். திரும்பி வரும் டிக்கெட் அல்லது அதை வாங்கும் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் சீட்டுப் பணம் உங்கள் கணக்கில் இருக்காது. அசையாமல் கிடக்கும் அந்த 1.5 லட்சம்தான் உங்களுக்காகச் சாட்சி சொல்லும். ஒரு ரூபாய் செலவாகாமல் உங்களை விமானம் ஏற்றிவிடுகிற பணம் அது. திரும்பி வந்து வேலையில் ஏதாவது இடைஞ்சல் என்றாலும் அதுதான் கைகொடுக்கும்.

ஆகவே வரிசை இப்படி. ஜூலை முதல் மாதம் 12,000-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். தீபாவளி போனஸ் வந்த கையோடு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் 100 டாலர் தீர்வையையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடுவார்கள். விசா கைக்கு வந்த பிறகே, ஜனவரியில், சேமிப்பை வைத்து விமான டிக்கெட். பிப்ரவரியில் சீட்டுப் பணம், மார்ச்சில் பயணம். பிப்ரவரி வரை சேமிப்பு 96,000, போனஸ் 40,000, சீட்டு 1,90,000 ஆக 3,26,000. செலவு 2,67,000. திரும்பி வரும்போது ஏறக்குறைய 59,000 மிச்சமும், தொடாத வைப்புநிதியும் இருக்கும், கடன் இருக்காது.

தோழி சொன்ன இலவசப் படுக்கையை மறந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் அங்குள்ள யாரிடமும் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. படுக்கைக்காக அறை கூட்டிப் பெருக்குவதும் அங்கே வேலைதான். இரவுக்கு 55 டாலர் மிச்சப்படுத்தப் போய் அடுத்த விசாவைப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம்.

குவீன்ஸ்டவுனில் செலவே இல்லாமல் மூன்று நாள் கழிக்கலாம். வாகடிப்பு ஏரி ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம், மின்னல் கீற்றுப் போல வளைந்து கிடக்கிறது. அதன் நீர்மட்டம் ஏறக்குறைய 27 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஏறி இறங்கும். ஏரியடியில் கிடக்கும் ஓர் அரக்கனின் இதயம் துடிக்கிறது என்பது மாவோரிகளின் கதை. கரையில் உட்கார்ந்து அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 1,748 மீட்டர் உயர பென் லோமண்ட் சிகரத்துக்கு ஏறி இறங்க ஒரு பகல் முழுவதும் ஆகும், அதற்கும் டிக்கெட் கிடையாது. நகரப் பஸ்ஸுக்குப் பீ கார்டு வாங்கிக்கொண்டால் ரொக்கமாகக் கொடுப்பதைவிட மலிவு. ஆனால் அந்த ஊரின் தொழிலே உங்களைக் கயிற்றில் கட்டித் தள்ளுவதும் படகில் சுழற்றுவதும்தான். 1988-இல் கவராவ் பாலத்தில் 43 மீட்டர் உயரத்தில் தொடங்கிய பங்கி ஜம்ப் வியாபாரம் இன்று ஊரெங்கும் பரவியிருக்கிறது. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெருவில் நடக்கும்போது கண்ணில் படும் சலுகைப் பலகைகளை நம்பி இரண்டாவதில் இறங்கினால் 25,000 ரூபாய் எதிர்பாராத செலவு என்ற பெயரில் கரைந்துவிடும். அது எதிர்பார்த்த செலவுதான்.

உண்மையில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஃபியோர்டு. பெயரில் சவுண்ட், அதாவது கடல் நுழைவாய், என்று இருந்தாலும் மில்ஃபோர்ட், பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்கில் கடல் புகுந்த ஃபியோர்டுதான். குவீன்ஸ்டவுனிலிருந்து பறவைக்கு 70 கிலோமீட்டர். மலைகளைக் குறுக்கே கடக்கச் சாலை இல்லாததால் உங்களுக்கு டே ஆனாவ் ஊரைச் சுற்றி 290 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வரும் பயணம் என்று விற்பதில் பெரும்பகுதி பஸ்ஸில்தான் போகும். அதனால் மூன்று இரவை டே ஆனாவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 120 கிலோமீட்டர்தான், பயணக் கட்டணமும் குறையும்.

மில்ஃபோர்டில் வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழைக்குப் பயந்து தேதியை மாற்றாதீர்கள், மழை பெய்தால்தான் செங்குத்துப் பாறைகளிலிருந்து நூற்றுக்கணக்கில் அருவிகள் இறங்கும். ஆனால் கனமழையில் 1954-இல் திறந்த ஹோமர் சுரங்கப்பாதைச் சாலையை மூடிவிடுவதுண்டு. ஆகவே மூன்று நாளில் முதல் நாளுக்கே படகை முன்பதிவு செய்யுங்கள், ரத்தானால் மறுநாள் இருக்கும். பணம் திரும்பத் தரும் டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் கேட்டாலும் கொடுங்கள்.

டவுட்ஃபுல் சவுண்டும் பார்க்க வேண்டுமா என்று யோசிப்பீர்கள். 1770-இல் உள்ளே போனால் காற்று வெளியே வர விடுமோ என்று சந்தேகப்பட்டு கேப்டன் குக் வைத்த பெயர் அது. மில்ஃபோர்டைவிடப் பெரியது, அமைதியானது. விலையும் கூடுதல். மனபோரி ஏரியைப் படகில் கடந்து, வில்மாட் கணவாயைப் பஸ்ஸில் தாண்டி, மறுபடி படகு. அத்தனைக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். பங்கி ஜம்ப்புக்கு வைத்த 15,600-ஐ இதற்குத் திருப்பலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். குதிப்பதற்கு முதுகெலும்பு ஒத்துழைக்காத வயது எனக்கு, உங்களுக்கு அப்படி இல்லை.

காப்பீட்டைச் சுருக்காதீர்கள். விபத்தில் அடிபட்டால் வெளிநாட்டுப் பயணிக்கும் சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம் அங்கே இருக்கிறது. காய்ச்சலுக்கோ, ரத்தான விமானத்துக்கோ, ஊர் திரும்பும் செலவுக்கோ அது உதவாது. மலையேற்றமும் கயிற்றுக் குதிப்பும் பாலிசியில் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணத்துக்கு, அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் வாங்காத கார்டு ஒன்றை இப்போதே எடுங்கள். சாதாரண கார்டில் 3.5 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் போகும், நீங்கள் அங்கே தேய்க்கப்போகும் லட்ச ரூபாய்க்கு 4,000-க்கு மேல் அது. கடையில் இயந்திரம் ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் டாலர் என்று அழுத்துங்கள். சொந்த ஊர் நோட்டின் பெயரைப் பார்த்த மகிழ்ச்சியில் நான் ஒருமுறை ரூபாயை அழுத்தி, தேநீரும் பன்னும் விருந்து விலைக்குச் சாப்பிட்டேன்.

கடைசியாக, அம்மா கட்டிக்கொடுக்கும் பருப்புப் பொடி. எடுத்துப் போங்கள், மதியச் செலவு மிச்சமாகும். ஆனால் கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். மண் ஒட்டிய நடைக் காலணியையும் கழுவித் துடைத்துக் காட்டுங்கள். சொல்லாமல் பையில் வைத்திருந்து அகப்பட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். 20,800 ரூபாய். அந்தப் பணத்தில் மில்ஃபோர்டை இரண்டு முறை சுற்றலாம்.