முதல் பெட்டியில் தழை மட்டும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். பண்ணைப் பங்கு (முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, பருவம் முழுக்க வாராவாரம் ஒரு பெட்டிக் காய்கறி வாங்குவது) பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, இந்த வருடம் நாங்களும் பக்கத்தில் ஒரு சின்னக் காய்கறிப் பண்ணையில் சேர்ந்தோம். பிப்ரவரியிலேயே முழுப் பணத்தையும் கட்டியாயிற்று. முதல் பெட்டி வந்தது ஜூன் முதல் வாரத்தில். லெட்டூஸ், கேல் என்ற கீரைகள், முள்ளங்கி, ஒரு வெள்ளை டர்னிப் கிழங்கு. இரண்டாவது வாரமும் அதேதான். தக்காளி இல்லை, கத்தரி இல்லை, வெண்டை இல்லை. முள்ளங்கி இலையெல்லாம் சல்லடை மாதிரித் துளை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "இவ்வளவு காசு குடுத்துத் தழையா வாங்குறீங்க?" என்று கேட்கிறார். இந்த நாலு மாதம் அவர்கள் என்னதான் செய்தார்கள்? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசிக்கிறோம்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

திருப்பிக் கேட்காதீர்கள். ஆகஸ்ட் வரைக்குமாவது பொறுங்கள்.

நாலு மாதம் என்ன செய்தார்கள் என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். மேற்கு மாசசூசெட்ஸில் இதே மாதிரி ஒரு பண்ணையில் மூன்று வசந்தங்கள், வாரம் இரண்டு நாள் வேலை செய்திருக்கிறேன். உங்கள் பக்கம் குளிர் கொஞ்சம் முன்னாலேயே விலகும். மற்றபடி வேலை ஒன்றுதான்.

மார்ச் தொடக்கத்தில் வெளியே இன்னும் பனி கிடக்கும். பசுமைக்குடிலுக்குள் தட்டுகளில் வெங்காய விதை போடுவோம். ஏன் வெங்காயம் முதலில்? ஜூனில் பகல் நீண்டதும், செடி சின்னதோ பெரியதோ, அடியில் வெங்காயம் திரள ஆரம்பித்துவிடும். அதற்குள் எத்தனை இலை விட்டதோ அத்தனை அடுக்கு. ஒரு இலைக்கு ஒரு அடுக்கு. மார்ச்சில் இரண்டு வாரம் தவறவிட்டால் ஆகஸ்டில் வெங்காயம் சிறுத்துப் போகும். உங்கள் பிப்ரவரிப் பணத்தில் ஒரு பகுதி அந்த விதைக்கும், குடிலைச் சூடாக வைக்கிற எரிவாயுவுக்கும் போயிருக்கும். அந்த மாதங்களில் பண்ணைக்குப் பெரிதாக வேறு வரவு இருக்காது.

பனி உருகியதும் நிலம் சேறாகிவிடும். இறங்கி உழ மனசு துடிக்கும், ஆனால் கூடாது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, விரலால் தட்டிப் பார்ப்போம். பொலபொலவென்று உதிர்ந்தால் பதம். உருண்டையாகவே நின்றால் காத்திருக்க வேண்டியதுதான். ஈரத்தில் உழுத மண் கட்டிதட்டிப் போய், அந்த வருடம் முழுக்கத் தொல்லை கொடுக்கும். நம்மூரில் ஆடியில் மழையைப் பார்த்து விதைக்கிறோம், அங்கே நிலம் காய்வதைப் பார்த்து விதைக்கிறார்கள். இடையில் கல் பொறுக்கும் வேலை இருக்கவே இருக்கிறது. மாசசூசெட்ஸ் இருக்கும் நியூ இங்கிலாந்து பகுதி மண்ணில் ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி அடியிலிருந்து கற்களை மேலே தள்ளும். போன வருடம் சுத்தமாகப் பொறுக்கிய பாத்தியில் இந்த வருடம் மறுபடி கூடை கூடையாகக் கல். அந்தப் பக்கத்துக் காடுகளிலும் வயலோரங்களிலும் நீங்கள் பார்க்கும் பழைய கல்சுவர்கள் இப்படிப் பொறுக்கிய கற்கள்தான்.

ஒரு ஏப்ரல் காலை. வானம் மூட்டமாக இருந்தது. குடிலின் பக்கத் திரையைச் சுருட்டி ஏற்றுவது அன்று என் பொறுப்பு. குளிர்கிறதே என்று மூடியபடியே விட்டுவிட்டுக் கல் பொறுக்கப் போய்விட்டேன். பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. வெளியே 10 டிகிரி, உள்ளே 40ஐத் தாண்டிவிட்டது. நான் ஓடி வந்தபோது லெட்டூஸ் நாற்றுகள் தட்டு தட்டாகச் சுருண்டு கிடந்தன. பண்ணைக்கார அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. விதைப் பொட்டலத்தை எடுத்துவந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி விதைத்தார். அந்த வருடம் முதல் இரண்டு பெட்டிகளில் லெட்டூஸ் இல்லை. ஏன் என்று எல்லோருக்கும் எழுதிப் போட்டார். பங்கு கட்டியிருந்தவர்களில் ஒருவர்கூடப் பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நம் ஊரில் விதைப்புக்கு முன்பணம் வேண்டுமென்றால் பல விவசாயிகள் மண்டிக்குத்தான் போகிறார்கள். வாங்கிவிட்டால் விளைச்சலை அந்த மண்டிக்கே, அவர்கள் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிவரும். பண்ணைப் பங்கில் அந்த முன்பணத்தைச் சாப்பிடுகிறவர்களே கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இது 1986இல் இரண்டு பண்ணைகளில் தொடங்கியது. ஒன்று மாசசூசெட்ஸில் இண்டியன் லைன் பண்ணை, இன்னொன்று நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை. டெம்பிள்-வில்டனில் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் காய்க்கு விலையே வைப்பதில்லை. வருடக் கூட்டத்தில் பண்ணைக்கு ஆகும் செலவை முன்வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததைச் சொல்லும். செலவு நிரம்பும்வரை சொல்லிக்கொண்டே போவார்கள். நீங்கள் கட்டியது காய்கறிக்கான விலை என்று நினைத்தால் ஜூன் பெட்டி உங்களை ஏமாற்றத்தான் செய்யும். அந்த நிலத்தின் ஒரு வருடத்தில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

தக்காளி எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா? கடைசி உறைபனி எங்கள் பக்கம் மே பாதியைத் தாண்டியும் வரும். ஒரே இரவு போதும், தக்காளி நாற்று கருகிவிடும். அதனால் மே கடைசியில்தான் வெளியே நடுவோம். நட்டு 60 முதல் 80 நாளில் பழம். உங்கள் பண்ணை இரண்டு வாரம் முந்தினாலும் ஜூலை பாதிக்கு முன்னால் எதிர்பார்க்க முடியாது. முள்ளங்கிக்கு 25, 30 நாள் போதும், அந்த வெள்ளை டர்னிப்புக்கு 40. செடி முதலில் இலைவிடும், பிறகு வேர் பருக்கும், அப்புறம்தான் பூவும் காயும். உங்கள் பெட்டியும் அந்த வரிசையில்தான் வரும். துளைகள் தெள்ளு வண்டு போட்டவை. வசந்தத்தில் அது முள்ளங்கி, கடுகு இனத்து இலைகளைத் தேடி வரும். மெல்லிய வெள்ளைத் துணியால் பாத்தியை மூடுவார்கள், ஓரம் கொஞ்சம் விலகினாலும் உள்ளே புகுந்துவிடும். துளை விழுந்த இலையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒன்றை மட்டும் உங்கள் பண்ணையிடம் நானும் கோபமாகவே சொல்வேன். ஜூன் பெட்டியில் என்ன இருக்கும் என்பதைப் பிப்ரவரியிலேயே விளக்கியிருக்க வேண்டும். பணம் வாங்கும்போது ஆகஸ்ட் தக்காளியின் படத்தை மட்டும் காட்டுவது சரியில்லை.

அம்மாவிடம் முள்ளங்கி இலையையும் டர்னிப் இலையையும் கொடுங்கள். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கட்டும். கேலைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் முருங்கைக்கீரை மாதிரியே இருக்கும். இனி வரும் வாரங்களில் சுருண்ட பச்சைப் பூண்டுத் தண்டு வரலாம். அக்டோபரில் ஊன்றி, பனிக்கடியில் குளிர்காலம் முழுக்கக் கிடந்த பூண்டு அது. புளி, மிளகாய் சேர்த்துத் துவையல் அரைக்கச் சொல்லுங்கள்.

வெண்டைக்காய் அவர்கள் போட்டிருப்பார்களா என்று தெரியாது. அடுத்த வருட விதையை டிசம்பர், ஜனவரியிலேயே வாங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் நேரில் போய், வெண்டையும் சின்னக் கத்தரியும் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா