கணவரின் குதிரையை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றி உழைத்த என் கணவர் நான்கு மாதம் முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். குதிரையை விற்கச் சொல்லி மாமியார் வீட்டில் நெருக்குகிறார்கள். பின்னேரம் கொட்டிலுக்குப் போய் அதன் கழுத்தில் சாய்ந்து அழுதால்தான் எனக்கு நித்திரை வருகிறது. என் கவலை அதற்கு விளங்குமா? இப்படி அழுவது கூடாதா? (சாம்பல்தீவு வாசகி)

பதில்: அழுங்கள் தங்கச்சி, அதில் ஒரு பிழையும் இல்லை.

சாவு என்றால் என்னவென்று குதிரைக்கு விளங்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் உடம்பை அது நன்றாகவே வாசிக்கும். 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். கோப முகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத்துடிப்பு சட்டென்று ஏறியது. வேட்டையாடப்பட்டே வாழ்ந்த இனம், பக்கத்தில் நிற்பவரின் பதற்றத்தைக் கவனிக்காமல் அதனால் பிழைத்திருக்க முடியாது. நீங்கள் தோளை இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் தலையைத் தூக்கிக் காதை உங்கள் பக்கம் திருப்பும். நீங்கள் ஆறினால் அதுவும் தலையைத் தாழ்த்தும், தாடை தளரும். சும்மா நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவைதான் மூச்சு விடும், அதன் விலாவில் சாய்ந்து நிற்கும்போது அந்த மெதுவான ஏற்ற இறக்கத்தோடு உங்கள் மூச்சும் இழுபட்டுப் போவதால் பிறகு உங்களுக்கு நித்திரை வருகிறதாக இருக்கலாம். தோளோரமாகவே நில்லுங்கள், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, திடுக்கிட்டால் உதைத்துவிடும்.

ஆனால் சாய்ந்து அழுவதோடு நிறுத்திவிடாதீர்கள், அதற்கு வேலை செய்யுங்கள். என் அனுபவத்தில் பெரிய ஆறுதல் அந்த வேலையில்தான் இருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் பிதிர்க்கடன் செய்கிற ஊர் நம்முடையது, துக்கத்தின் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும் என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்த விஷயம். எழும்ப மனமில்லாத காலையிலும் பசித்த குதிரை கொட்டில் கதவைத் தட்டும், போய்த்தானே ஆகவேண்டும்! புல் போட்ட பிறகு, பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தை விரலால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்வது அங்கேதான், அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை பிரான்சின் கமார்க் குதிரைகளில் அளந்து 1993இல் எழுதியிருக்கிறார்கள். சரியான இடத்தைப் பிடித்துவிட்டால் மேலுதடு நீண்டு துடிக்கும், கண் பாதி மூடும்.

அதுவும் ஒரு ஆளை இழந்துதான் நிற்கிறது. அவர் தீனி வைத்த நேரத்துக்கே நீங்களும் வையுங்கள். தனிக்குதிரை ஏங்கிப்போகும், பக்கத்தில் ஒரு ஆட்டைக் கட்டினால்கூடப் போதும். 300 கிலோ குதிரை என்றால் நாளுக்கு 5, 6 கிலோ காய்ந்த புல் வேண்டும். உங்கள் பக்கம் முழுக்க மணல்தரை, புல்லை நிலத்தில் போடவே வேண்டாம், தீனியோடு போகிற மணல் குடலில் தங்கி வயிற்றுக்குத்து வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அடிக்கடி விலாவைத் திரும்பிப் பார்த்து, காலால் நிலத்தைக் கிண்டி, விழுந்து உருண்டு, சாணம் போடாமல் இருந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், அவர் போனபிறகு இது தவறியிருக்கக்கூடும், இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

விற்பதா? செலவு தாங்குமென்றால் ஆட்டத்திவசம் வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள், இந்த நிலையில் எடுக்கிற முடிவு பிறகு நெஞ்சை அரிக்கும். தாங்காதென்றால் கணவரோடு வேலை செய்த நம்பிக்கையான பையன் யாரிடமாவது பங்குக்கு விட்டு, இரவில் உங்கள் கொட்டிலிலேயே கட்டலாம். அதுவும் சரிவராமல் விற்க நேர்ந்தால், அது அவருக்குச் செய்கிற துரோகம் இல்லை.

ஒன்றே ஒன்று, மனிதரோடு பேச்சே இல்லாமல் குதிரையோடு மட்டும் இருந்துவிடாதீர்கள். சாப்பாடு இறங்காமல், அவரோடு போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் ஆள் இருக்கும்.