அழைத்த உயிரிக்கு மாறுவேடம்: வாசகர் கேள்வி-பதில்

பகடை உருட்டி ஆடும் பாத்திர ஆட்டங்களில், மந்திரத்தால் வரவழைத்த துணை உயிரியை ஊருக்குள் மறைத்துக் கூட்டிப்போவது பற்றித்தான் இம்முறை கடிதங்கள் அதிகம். எந்த ஆட்டம், எந்தப் பதிப்பு என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் பாதிப் பேர் எழுதுவதில்லை.

கேள்வி: என் விஸார்டின் (மந்திரவாதிப் பாத்திரம்) ஃபமிலியர், அதாவது துணை உயிரி, ஓர் ஆந்தை. தோற்றத்தை மாற்றிக் காட்டும் டிஸ்கைஸ் செல்ஃப் மந்திரம் போட்டு அதைப் புறாவாகக் காட்டலாமா? (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, 2014 பதிப்பு)

பதில்: முடியாது. அந்த மந்திரம் போடுகிறவருக்கு மட்டும்தான். ஃபமிலியர் மூலம் தொடு மந்திரங்களைச் செலுத்தலாம் என்ற விதியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது தொடு மந்திரமே இல்லை. 10 தங்கக் காசுக்குக் கரியும் தூபமும் மூலிகையும் வாங்கி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஒதுக்கி, ஃபமிலியரை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபமிலியர் மந்திரத்தை மறுபடி செய்தால் வேறு உருவம் கிடைக்கும். பட்டியலில் புறா கிடையாது, அண்டங்காக்கை உண்டு. புறாதான் வேண்டுமென்றால் ஆட்டத்தை நடத்தும் ஜி.எம்.மிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மிருகத்தை மனுஷனா மாத்த முடியுமா? அவசரம்.

பதில்: எந்த ஆட்டம்? எந்த மிருகம்? அதற்கு எத்தனை கால்? எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்வி: பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் முதல் பதிப்பில், துணை உயிரியை அழைக்கும் சம்மனராக ஆடுகிறேன். அந்தத் துணை உயிரியான ஐடோலனின் நெற்றிக் குறியை மறைக்க, உருவத்தை மாற்றும் ஆல்டர் செல்ஃப் மந்திரச் சுருள் இரண்டு வாங்கினேன். வேலை செய்யாது என்கிறார் ஜி.எம். அவர் சொல்வது சரியா?

பதில்: சரிதான். விதியைப் படித்துவிட்டுக் காசைச் செலவழித்திருக்கலாம். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருவதால் இம்முறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

2010-இல் சம்மனர் என்ற பாத்திர வகுப்பு வந்தபோதே இது தெளிவாக எழுதப்பட்டுவிட்டது. ஐடோலன் வெளியே இருக்கும் வரை அதன் நெற்றியிலும் சம்மனரின் நெற்றியிலும் ஒரே மாதிரிக் குறி ஒளிரும். தோற்றத்தை மாற்றும் எந்த மந்திரமும் அதை மறைக்காது. ஆல்டர் செல்ஃப், பாலிமார்ஃப் இரண்டையும் விதியே பெயர் சொல்லி விலக்குகிறது. கண்ணுக்கே தெரியாமல் செய்யும் இன்விசிபிலிட்டி மட்டும், அது நீடிக்கும் வரை, குறியையும் சேர்த்து மறைக்கும். சாதாரண வழிகளுக்கோ தடையே இல்லை. ஒரு முழம் துணி போதும். செப்புக் காசுகளில் முடிகிற வேலைக்கு நூற்றுக்கணக்கில் தங்கத்தைக் கொட்டுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

துணி கட்டினாலும் வெளிச்சம் கசியும் என்று சொல்லும் ஜி.எம்.களும் இருக்கிறார்கள். சாதாரண முறையில் மறைக்கலாம் என்று விதி சொன்ன பிறகு அதைப் பறிப்பது நியாயமில்லை. அந்த வகுப்பு ஊருக்குள் நடமாட இருக்கும் ஒரே வழி அது.

ஆட்டக்காரர்கள் செய்யும் பெரிய பிழை வேறு. ஐடோலனுக்கு முக்காடு, கையுறை, நீள அங்கி என்று எல்லாம் போட்டுவிட்டுத் தன் நெற்றியை மறந்துவிடுகிறார்கள். குறி இரண்டு பேருக்கும் உண்டு. இருவரும் ஒரே மாதிரித் துணியை ஒரே இடத்தில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாலும் காவலாளி கேட்கத்தான் செய்வான். ஒருவருக்குக் காயக் கட்டு, இன்னொருவருக்குத் தலைப்பாகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். முக்காட்டை மட்டும் நம்ப வேண்டாம். அதை விலக்கு என்பதுதான் எந்தக் காவலாளிக்கும் முதலில் வாயில் வரும். உள்ளே துணி இருக்கட்டும். ஐடோலனும் நீங்களும் மாய அணிகலன்களுக்கான இடங்களைப் பங்குபோட்டுக்கொள்கிறீர்கள் என்பது உண்மை, ஆனால் இது வெறும் துணி, எந்த இடத்தையும் பிடிக்காது.

கட்டை அவிழ்த்தே தீர வேண்டும் என்ற நிலை வந்து, ஐடோலன் வேறெங்காவது நின்றிருந்தால், அதை அனுப்பிவிடுங்கள். அது போனதும் குறியும் போய்விடும். மறுபடி அழைக்க ஒரு நிமிடம்தான். ஆனால் தூரத்தில் நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு. 100 அடி தாண்டினால் அதன் உயிர்ப்புள்ளி (எவ்வளவு காயம் தாங்கும் என்பதன் எண்) பாதியாகும், 1,000 அடி தாண்டினால் கால்வாசிதான் மிஞ்சும், 10,000 அடியில், அதாவது ஏறக்குறைய 3 கிலோமீட்டரில், தானே மறைந்துவிடும்.

கேள்வி: நான்கு கால் ஐடோலனுக்குக் குதிரைக் கவசம் போட்டுப் போர்க்குதிரை என்று சொல்லலாமா? (அதே ஆட்டம்)

பதில்: கவசம் கூடவே கூடாது. எந்தக் கவசமும் ஐடோலனுக்கும் உங்களுக்குமான பிணைப்பைக் குலைக்கும். சேணம், கடிவாளம், முதுகுத் துணி போடலாம். நெற்றிப் பட்டை குதிரைக்கு இயல்பான அணி என்பதால் குறியும் அதற்கடியில் போய்விடும்.

கேள்வி: என் ஐடோலன் லார்ஜ் அளவு, அதாவது மனிதனைவிட ஒரு படி பெரியது. அதை மனிதனாக வேடமிட, பகடை எண்ணில் எவ்வளவு கழிக்க வேண்டும்? (அதே)

பதில்: அளவு மாறுவதற்கு 10, இனம் மாறுவதற்கு 2, மொத்தம் 12. வேடப் பெட்டி 2 கூட்டும், அவ்வளவுதான். ஏன் மனிதன்? அதே அளவுள்ள ராட்சத இனமான ஓகராக வேடமிடுங்கள், கழிவு 2 மட்டுமே. அரை மணி நேரம் வரை பிடிக்கும் வேலை இது, கோட்டை வாசலில் நின்று தொடங்காதீர்கள்.

கேள்வி: என் வார்லாக்கின் (இதுவும் மந்திரவாதிப் பாத்திரம்) ஃபமிலியரான இம்ப் என்ற குட்டிப் பிசாசு அண்டங்காக்கை உருவில் தோளில் இருந்தது. கோயில் பாலடின் (புனிதப் போர்வீரர்) உடனே கண்டுபிடித்துவிட்டார். டி.எம். (டி அண்ட் டி-யில் ஜி.எம்.மின் பெயர்) அநியாயம் செய்கிறாரா? (டி அண்ட் டி, 2014)

பதில்: இல்லை. உருவம் மாறினாலும் இம்ப் ஃபீண்டாகவேதான், அதாவது பிசாசு இனமாகவேதான் இருக்கும். பாலடினின் டிவைன் சென்ஸ் திறன் 60 அடிக்குள் அதைக் காட்டிக்கொடுக்கும், இன்விசிபிளாக இருந்தாலும் அப்படித்தான். யாருடைய கண்ணுக்கு மறைக்கிறோம், யாருடைய மந்திரத்துக்கு மறைக்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கென்றால் காக்கை உருவம் போதும். மந்திரத்துக்கென்றால் குழுவிலுள்ள விஸார்டிடம் நிஸ்டல்ஸ் மேஜிக் ஆரா மந்திரம் கேளுங்கள். ஒரு நாள் முழுக்க அது வெறும் மிருகம் என்றே டிவைன் சென்ஸிடம் காட்டும். 30 நாள் விடாமல் அதையே போட்டால் யாராவது டிஸ்பெல் செய்து நீக்கும் வரை நிலைக்கும். பாத்ஃபைண்டர் முதல் பதிப்பில் மேஜிக் ஆரா பொருள்களுக்கு மட்டும்தான், இந்த யோசனையை அங்கே எடுத்துப் போகாதீர்கள்.

சுவர் போன்ற முழு மறைவுக்குப் பின்னால் இருப்பதையும் டிவைன் சென்ஸ் அறியாது. எல்லாவற்றையும் விட எளிது, ஃபமிலியரை ஓர் ஆக்‌ஷனில் அதன் தனி வெளிக்கு அனுப்பிவிட்டுக் கோயிலைத் தாண்டியதும் திரும்ப அழைப்பது.

கேள்வி: தோற்றத்தை மாற்றிக் காட்டும் சீமிங் மந்திரம் போட்டு ராட்சதச் சிலந்தியைச் சிறுமியாக்கினோம். டி.எம். ஒப்புக்கொள்ளவில்லை. (டி அண்ட் டி, 2014)

பதில்: ஒப்புக்கொள்ள முடியாது. கை கால்களின் அமைப்பு மாறக்கூடாது, உயரம் ஓர் அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. ஓநாயை நாயாக்கலாம், சிலந்தியை வேறு சிலந்தியாக்கலாம். அப்போதும் தொட்டுப் பார்ப்பவரின் கைக்கு உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: மாறுவேடத்தில் ஐடோலனோடு விடுதியில் தங்கினோம். காலையில் விடுதிக்காரர் காவலரை அழைத்துவிட்டார். எங்கே தவறு? (பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு)

பதில்: நீங்கள் தூங்கியதில். சம்மனர் தூங்கினாலே ஐடோலன் மறைந்துவிடும். இரவு இரண்டு பேர் மாடியேறினார்கள், விடியற்காலையில் வெந்நீர் கொண்டுவந்த பணியாளர் கதவைத் திறந்தால் ஒருவர்தான் இருக்கிறார், மற்றவரின் அங்கியும் நெற்றித் துணியும் படுக்கையில் கிடக்கின்றன. கொலை என்றுதான் நினைப்பார்கள். உங்கள் மெய்க்காப்பாளர் (ஐடோலன்தான்) இரவில் வேறு இடத்தில் தங்குவார் என்று முன்கூட்டியே சொல்லி, வாசல் வழியாக எல்லோரும் பார்க்க அவரை அனுப்புங்கள். சந்தில் வைத்து மறையச் செய்யுங்கள். மறுநாள் ஒரு நிமிடம் கிடைக்கும் இடத்தில் அழைத்துக்கொண்டு வாசல் வழியாகவே வரச் செய்யுங்கள்.

கேள்வி: நான் ஜி.எம். வேடமிட்ட உயிரியைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பகடை உருட்ட வேண்டுமா? (அதே)

பதில்: வேண்டாம். வேடத்துக்கு ஒரே ஒரு முறை நீங்களே மறைவாக உருட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தன் வழியே போகிறவரைச் சந்தையில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சந்தேகத்தோடு பார்க்கிற காவலாளிக்கு மட்டும் பெர்செப்ஷன், அதாவது கவனித்துக் கண்டுபிடிக்கும் திறன்.