படி இறங்கும்போது கால் ஏன் உள்பக்கமாகவே மடங்குகிறது?

கேட்டவர், படி இறங்கும்போது கால் அடிக்கடி மடங்குவதாகவும், ஒவ்வொரு முறையும் உள்ளங்கால் உள்பக்கம் திரும்பி வெளிப்பக்கம்தான் வீங்குவதாகவும் எழுதியிருக்கிறார். பிசியோதெரபி என் தொழில். என்னிடம் வரும் கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை இதே கதைதான். காரணம் மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கத்து எலும்பு இன்னும் கீழே இறங்கி, சற்றுப் பின்தள்ளி இருக்கும். பாதம் வெளிப்பக்கம் சாய முயன்றால் அது தடுத்துவிடும். உள்பக்கத்து எலும்பு அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. போதாததற்கு, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார் உள்பக்கம் அகலமானது, தடித்தது. வெளிப்பக்கம் இருப்பவை மூன்று ஒல்லியான தசைநார்கள். அவற்றில் முன்னால் இருப்பதுதான் முதலில் கிழியும். சுளுக்கியவர்களுக்குப் புடைப்புக்குச் சற்று முன்னால், கொஞ்சம் கீழே தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான்.

சரி, படி இறங்கும்போது மட்டும் ஏன்? இரு புடைப்புகளுக்கும் நடுவே டாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் பாரம் முழுக்க அதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. ஆனால் ஒரு தசைகூட அதில் ஒட்டியிருப்பதில்லை. எனக்கு இன்றும் ஆச்சரியம் தரும் எலும்பு இது. இதன் மேற்பரப்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகலமான பகுதி ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். நுனிக்காலை ஊன்றும்போது குறுகிய பகுதி உள்ளே வருவதால் பிடி தளர்ந்துவிடும். படி இறங்கும்போது முதலில் தொடுவது நுனிக்கால்தானே? ஹை ஹீல்ஸ் போட்டாலும் இதே நிலைதான்.

அடிக்கடி மடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் தசைநாரிலேயே இருக்கின்றன. கிழிந்தபின் அந்தச் சேதி சரியாகப் போவதில்லை. காலை வெளிப்பக்கம் இழுத்துக் காப்பாற்ற வேண்டிய தசைகளும் தாமதிக்கின்றன. வீக்கம் வடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுவது இதைத்தான். வலி குறைந்தபின் சுவரோரமாக ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பல வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

அப்புறம், புதுச் சுளுக்கை யாரிடமும் கொடுத்து உருவி விடாதீர்கள், உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதிகளை இன்றும் பின்பற்றுகிறோம்: கணுக்கால் வலியோடு, புடைப்பின் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ.க்குள் அழுத்தினால் எலும்பு வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.