டெர்மினல்ல மேல் அம்புக்குறி அழுத்தினா ஏன் 27, 91, 65 எண்டு மூண்டு நம்பர் வருது?

பைத்தன் கர்சஸ்ல (டெர்மினல் திரையில மெனு மாதிரிக் காட்ட உதவுற லைப்ரரி) மெனு எழுதுறன், ஒரு கீ அழுத்த மூண்டு நம்பர் வருது எண்டு கேட்டிருந்தீங்க. பிழை உங்கட கோட்ல இல்ல. டெர்மினல் அனுப்புறது வெறும் பைட்ஸ் தான், அம்புக்குறிக்கெண்டு தனி எழுத்து ஒண்டும் இல்லாததால 1978ல வந்த விடி100 எண்ட பழைய டெர்மினல் மெஷின் காலத்துப் பழக்கப்படி முதல்ல எஸ்கேப் (27), பிறகு சதுர அடைப்புக்குறி (91), பிறகு 65 எண்டு வரிசையா வரும். சில மோட்ல நடுவில 91க்குப் பதிலா 79 வரும், அதால அந்த மூண்டு நம்பரையும் இஃப் போட்டு நீங்களே பிடிக்கப் போகாதீங்க, ஒரு டெர்மினல்ல வேலை செய்யும் இன்னொண்டுல சொதப்பும்.

கீபேட் மோட ட்ரூ ஆக்குங்க, கர்சஸே சேர்த்து ஒரே கீயா தரும். கர்சஸ்ல இருக்கிற ராப்பர் (wrapper) ஃபங்ஷன் பாவிச்சா அது தானாவே ஆகிடும்.

ஆனா அதுக்குப் பிறகு எஸ்கேப் கீ மட்டும் அழுத்தினா ஒரு செக்கன் தொங்கும், ஏனெண்டா பின்னால இன்னும் பைட்ஸ் வருதா எண்டு அது 1000 மில்லிசெக்கன் காத்திருக்கும். எஸ்கேப் டிலேய 25 ஆக்கினா சரி (பைத்தன் 3.9ல இருந்து அதுக்கு ஃபங்ஷன் இருக்கு). நான் வெள்ளவத்தையில பஸ்ஸுக்குள்ள இருந்து ஃபோன் ஹாட்ஸ்பாட்ல எஸ்எஸ்எச்ல (தூரத்துக் கம்ப்யூட்டருக்குள்ள போற வழி) போறனான், அந்த லைன்ல பைட்ஸ் பிந்தி வாறதால 25 காணாது, அம்புக்குறி உடைஞ்சு வரும், 100 வச்சிருக்கன்.

இன்னொண்டு, கன்ட்ரோல் ஐயும் (Ctrl+I) டேபும் ரெண்டுமே 9 தான், சாதாரணமா பிரிக்கேலாது, வேற கீ தேடுங்க.